ரோதைமுனி மேட்டில் அறுந்த செயின்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாலைப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோகும் வேலை என்னிடம் வந்தது பெட்ரோல் கிடைக்காத நாட்களில். அதுவரை ஒருவர் த்ரீவீலரில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பெட்ரோல் நின்றதும் அவர் வண்டியை தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நிறுத்தி, படங்கு போட்டு மூடிவிட்டார். மாடுகளுக்கு அது தெரியுமா? அவை வழக்கம்போலக் கறந்துகொண்டே இருந்தன.

கொழும்பில் ஒரு கடையில் நிற்கும் என் மகன் அப்போதுதான் பழைய மவுன்டன் பைக் ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தான். தடித்த டயர், பின்சக்கரத்தில் பெரிதும் சிறிதுமாக அடுக்கிய பல்சக்கரங்கள், கைப்பிடியின் இரண்டு பக்கமும் கியர். அதன் பின்னால் கெரியல் பூட்டி, இரண்டு பக்கமும் இரண்டு பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் ஏறத் தொடங்கினேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அதில் பேச்சு அதிகம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது. பாலை வாங்க வேண்டும், கொண்டுபோக வேண்டும், பால் நிலையத்தில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு காரணமும் இருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது என் தோள் பிசகிவிட்டது. அதற்குப் பிறகு மலை வேலைக்கு என்னால் போக முடியவில்லை. தோளுக்கு வேலை இல்லாத, காலுக்கு மட்டும் வேலை உள்ள தொழில் தோட்டத்தில் வேறு எது?

எங்கள் தோட்டம் கினிகத்தேனை ரோட்டுக்குக் கீழே, பொல்பிட்டிய பக்கம் இறங்கும் சரிவில் இருக்கிறது. லயத்திலிருந்து ஃபெக்டரி வரைக்கும் ரோடு சமதரை. ஃபெக்டரிக்குப் பக்கத்தில் பெரட்டுக் களம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் கூடி நின்று, எந்த மலை, யாருக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு பிரியும் இடம் அது. களத்தைத் தாண்டியதும் ஒரு சவுக்கு மரம். அதன் அடியில் ஒரு சூலம், ஒரு கல், எண்ணெய்க் கறுப்பு. அதுதான் ரோதைமுனி. ரோதை என்றால் ஃபெக்டரியின் பெரிய சக்கரம். அந்தச் சக்கரத்துக்குக் காவல் அவர். அதனால் சக்கரம் உள்ள எதுவும் அவரைக் கும்பிடாமல் எங்கள் மேட்டில் ஏறாது. லொறிக்காரர் ஹோர்ன் அடிப்பார். மோட்டார் சைக்கிள்காரர் நெஞ்சைத் தொட்டு உதட்டில் வைப்பார். தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப்கூட அங்கே கொஞ்சம் மெதுவாகும். சூலத்தைத் தாண்டிய அடுத்த நொடியே மேடு தொடங்கிவிடும். ஒரே ஏற்றம், பெரிய ரோடு வரைக்கும்.

அந்த மேட்டில்தான் செயின் அறுந்தது.

முதல் தடவை அறுந்தபோது நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் நிலையத்துப் பாலை ஏற்றிக்கொண்டு பவுசர், அந்தத் தாங்கி லொறி, போய்விட்டது. கேன்களோடு திரும்பி வந்து வீடு வீடாகப் பாலைக் கொடுத்தேன். எல்லாரும் தயிருக்கு ஊற்றினார்கள். ஒரு நாள் பாலைத் தயிராக்கலாம். அடிக்கடி தயிராக்கினால் அந்தத் தயிரை யார் தின்பது?

பக்கத்து லயத்தில் ஒருவர் அறுந்த செயினைக் கல்லின்மேல் வைத்து, வெளியே வந்திருந்த அதே ஆணியைத் திரும்பச் சுத்தியலால் அடித்துப் பூட்டிக் கொடுத்தார். அது மறுபடி அறுந்தது. கினிகத்தேனைக்குக் கொண்டுபோனேன். அங்கே சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவர் இருக்கிறார். சிங்களவர். வெற்றிலை போட்ட வாயோடு மெதுவாகப் பேசுவார். செயினைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு இதுக்குச் சுத்தியலால அடிச்சது?" என்று சிங்களத்தில் கேட்டார்.



ஒரு தடவை வெளியே வந்த ஆணியைத் திருப்பி உள்ளே அடித்தால் அது பிடிக்காது, அந்தக் கண்ணி மற்றக் கண்ணிகளைவிட இளைத்துப்போகும் என்று எனக்கு விளங்கும்படி சொன்னார். புதுச் செயின் போட்டார். அறுத்துச் சேர்ப்பதற்குப் பதில் கையாலேயே பூட்டக்கூடிய இணைப்புக் கண்ணி ஒன்றை அதில் வைத்தார். பல்சக்கரத்தின் பற்களை விரலால் தடவிப் பார்த்து, தேய்ந்தவற்றையும் மாற்றினார். பழைய பல்லில் புதுச் செயின் உட்காராது என்றார். கடைசியாக, என் காலைத் தொட்டுக் காட்டி ஒன்று சொன்னார். காலை அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கும்போது கியரை மாற்றாதே. மேடு வரும் முன்பே மாற்றிவிடு. மேட்டில் வைத்து மாற்றினால் செயின் ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குச் சாய்ந்து போகும்போது உன் பாரம் முழுவதும் அந்தச் சாய்ந்த கண்ணியில் விழும்.

"ஹரித?" என்றார், சரியா என்று.

"ஹரி பாஸ்," என்றேன். நான் மேட்டுக்கு முன்னால்தானே மாற்றுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மை என்றுதான் நம்பினேன்.

புதுச் செயினும் அறுந்தது. அதே மேடு, சூலத்தைத் தாண்டி முதல் வளைவு. அறுந்த சத்தம் பெரட்டுக் களம் முழுவதும் கேட்டது. அதுதான் எனக்குப் பெரிய துன்பம். எத்தனை பேர் முன்னால்!

கங்காணி ஒருவர் அங்கிருந்தே கத்துவார். "என்னண்ணே, இன்னைக்கும் மோர்தானா?"

பெண்கள் சிரிப்பார்கள். அந்தப் பெண்களுக்குள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு என் மனைவியும் நிற்பாள். அவள் சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

இது முனியின் வேலை என்று பேச்சு கிளம்பியது. சக்கரத்துக்குக் காவல்காரர் ஏதோ கேட்கிறார் என்றார்கள். கேட்டதைக் கொடுத்தோம். சுருட்டும் சாராயமும் வைத்தோம். லயத்துக்காரர்கள் சேர்ந்து சேவல் ஒன்றும் அறுத்தோம். பூசாரி விபூதியைச் செயின் முழுவதும் தடவினார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைக்க நான் பட்ட பாடு! எண்ணெயும் விபூதியும் சேர்ந்தால் சீமெந்துதான். இரண்டு நாள் நன்றாக ஓடியது. பிறகு அதே இடத்தில் 'டக்'.

இணைப்புக் கண்ணிகள் சிலவற்றைப் பாஸிடம் வாங்கிப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அறுந்தால் அங்கேயே குந்திப் பூட்டிக்கொண்டு ஏறுவேன். சில நாள் பவுசரைப் பிடித்தேன். சில நாள் பிடிக்கவில்லை.

அப்படி இருக்கும்போது இறம்பொடையில் என் சித்தப்பா இறந்துபோனார். போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தோம். தீட்டு. தீட்டு நாளில் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, சாமியைக் கும்பிடக்கூடாது. பால் வேலையை நிறுத்த முடியாது. அதனால் தினமும் சூலத்தைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனேன். கையைத் தூக்கவில்லை.

அந்த நாட்கள் முழுவதும் செயின் அறுந்துபோகவே இல்லை.

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதற்குமேல் நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. சித்தப்பாவின் ஆத்மா கூட வருகிறது என்றார் ஒரு கிழவர். முனிக்கு இரக்கம் வந்துவிட்டது என்றார் இன்னொருவர். காரியம் முடிந்து, தலைமுழுகி, தீட்டுக் கழித்தோம். மறுநாள் காலை நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, இத்தனை நாள் கும்பிடாமல் போனதற்கும் சேர்த்து முனியை மனம் நிறையக் கும்பிட்டேன். முதல் வளைவில் செயின் அறுந்தது. அவசரத்தில் என் கையில் இருந்த இணைப்புக் கண்ணி பள்ளத்தில் விழுந்துவிட்டது. பையில் வேறு இல்லை. பவுசரைத் தவறவிட்டேன். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கினிகத்தேனைக்குப் போய், பாஸிடம் வேறு கண்ணி பூட்டி, பையில் வைக்க இன்னொன்றும் வாங்கி வந்தேன்.

அன்று பின்னேரம் மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எங்கள் லயத்தில் அதிக மாடு வைத்திருப்பவர் அவர்தான். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மச்சான், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இப்பதான் பெட்ரோல் வருதே. த்ரீவீலர்காரன் மறுபடி எடுக்கிறேங்கிறான். நாலு பேரு என்கிட்ட வந்து கேக்கிறாங்க. நான் இவ்வளவு நாளு உங்களுக்காகப் பேசிட்டேன்."

"ம்," என்றேன்.

"இன்னும் ஒரு தடவ பாலு திரும்பி வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பேச முடியாது."

"சரிங்க மச்சான்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டேன். மலைக்குத் திரும்பிப் போக முடியாத தோள். மகனிடம் கேட்டுச் சாப்பிடுவதா? மனைவியின் கொழுந்துக் கூடையில் உட்கார்ந்து சாப்பிடுவதா?

என் மனைவி அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"ஏங்க, முனி கோவமா இருந்தா எப்ப அறுத்திருக்கணும்?"

"என்ன கேக்கிற?"

"தீட்டோட அவர உரசிக்கிட்டுப் போனீங்கள்ல. அப்பதான மொதல்ல அறுத்திருக்கணும்?"

நான் யோசித்தேன். "தீட்டுக்காரன்னு நம்ம பக்கம் திரும்பலயோ என்னமோ."

அவள் சிரித்தாள். "அவரு திரும்பாட்டி போறாரு. நான் பாத்துக்கிட்டுத்தான நிக்கிறேன் தெனமும்?"

மாவுக் கையோடு வெளியே வந்தாள். களத்தில் நிற்கும்போது மற்றவர்கள் கங்காணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தான் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். எத்தனை நாள் பார்த்திருக்கிறாளோ! கொழுந்தெடுக்கிறவள் கண் அது. ஆயிரம் தளிருக்குள் எடுக்க வேண்டிய தளிரை அந்தக் கண் தனியாகக் காணும். செடி எல்லாம் ஒன்றுபோலத் தெரிவது நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

"தீட்டு நாள்ல நீங்க செய்யாதது ஒண்ணுதான். கும்புடல."

"அதனால முனி..."

"முனிய விடுங்க. எந்தக் கையால கும்புடுறீங்க?"

"இது என்ன கேள்வி புள்ள? சோத்துக் கையாலதான். எடது கையாலயா சாமி கும்புடுவாங்க?"

"மேட்டுக்கு கியரு மாத்துறது எந்தக் கை?"

நான் என் வலது கையைப் பார்த்தேன். அதன் பெருவிரலைப் பார்த்தேன்.

"நான் முன்னாடியே மாத்திருவேன்," என்றேன். எனக்கே அது அவ்வளவு உறுதியாகக் கேட்கவில்லை.

"அப்பிடியா? ஏறுங்க, பாப்போம்."

சைக்கிளை இஸ்தோப்பின் நடுவில் நிறுத்தச் சொன்னாள். அகப்பையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அதுதான் சூலம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். "சாமிக் குத்தம்டி," என்றேன்.

"சாமிக்கு அகப்ப தெரியாதா? ஏறுங்கங்கிறேன்."

ஏறி உட்கார்ந்தேன். அவள் பின்னால் போய் கெரியலைப் பிடித்துத் தூக்கினாள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. இந்த வயதில் அவளுக்கு அவ்வளவு பலம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். தினமும் கூடை சுமக்கிற முதுகு.

"மிதிங்க. நான் ரோட்டச் சொல்லிக்கிட்டு வாறேன். லயத்த விட்டுக் கெளம்பிட்டீங்க... தண்ணிப் பீலிக்கரையத் தாண்டிட்டீங்க... ஃபெக்டரி வந்துருச்சு... பெரட்டுக் களம்... கங்காணி சிரிக்கிறாரு... இந்தா வந்துருச்சு முனி!"

நான் நினைத்துச் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது அகப்பை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வலது கை தானாகக் கைப்பிடியை விட்டு எழுந்து நெஞ்சுக்கும் உதட்டுக்கும் போனது.

"மேடு தொடங்கிருச்சு!" என்று கத்தினாள் அவள்.

கை திரும்பி வந்தது. பெருவிரல் கியரை அழுத்தியது. கால் இரண்டும் மேட்டை நினைத்து எழுந்து நின்றே மிதித்தன. பின்சக்கரத்தில் செயின் 'கறக்' என்று ஒரு பல்லிலிருந்து மறு பல்லுக்கு ஏறியது. பாஸ் தொட்டுக் காட்டிய கால். சாய்ந்த கண்ணி. எல்லாம் அங்கேயே, எங்கள் வீட்டு இஸ்தோப்பில்.

அவள் சைக்கிளைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். கெரியலில் இரண்டு மாவுக் கை அடையாளம்.

நான் மாற்ற நினைக்கிற இடத்தில்தான் முனி இருக்கிறார். கும்பிட்டு முடிப்பதற்குள் மேடு வந்துவிடுகிறது. எப்போதும் ஒரே இடத்தில் அறுந்ததற்கு வேறு மர்மம் இல்லை. வாழ்க்கையில் ஒரு நாள்கூடச் சைக்கிள் மிதிக்காதவள், களத்தின் ஓரத்தில் நின்றபடியே இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லாரும் என் செயினைப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், சாமியைப் பார்த்தார்கள். இவள் மட்டும் என்னைப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப இனிமே கும்புடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? நல்லாக் கும்புடுங்க. களத்துக்கு இந்தப் பக்கமே கியர மாத்திருங்க. அப்புறம் கை சும்மாதான இருக்கும்? ஆறுதலாக் கும்புடலாம்."

சொல்வது அவளுக்குச் சுலபம். களத்துக்கு முன்னாலேயே மேட்டுக் கியருக்கு மாற்றினால், சமதரையில் பெடல் லேசாகிவிடும். சைக்கிள் ஆமை போல ஊரும், கால் மட்டும் காற்றாடியாகச் சுற்றும். அத்தனை பேர் வரிசையாக நிற்கும் களத்தின் முன்னால் அப்படிப் போவதை நினைத்ததுமே என் காது சூடாகிவிட்டது.

"எல்லாரும் பாப்பாங்க புள்ள."

"இப்ப மட்டும் கண்ண மூடிக்கிட்டா நிக்கிறாங்க?"

"சிரிப்பாங்க."

அவள் ரொட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "ஏறும்போது சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. தள்ளிக்கிட்டுப் போறப்ப சிரிக்கிறாங்களே, அதத்தாங்க எனக்குக் கேக்க முடியல."

அதுவரை அவள் இதை என்னிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் பனி மூடியிருந்தது. வீடு வீடாகப் பால் வாங்கினேன். மச்சான் தன் பாலை ஊற்றினார். கேனின் மூடியை அவரே அழுத்தி மூடினார். கடைசித் தடவை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஃபெக்டரிச் சுவர் தெரிந்ததும் பெருவிரலால் கியரை அழுத்தினேன். காலில் பாரம் இல்லை. செயின் சத்தமில்லாமல் பெரிய பல்லில் ஏறி உட்கார்ந்தது, பூனை திண்டில் ஏறுவது போல. கால் சுற்றத் தொடங்கியது. சைக்கிள் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. களம் வந்தது.

முதலில் ஒரு பெண் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லாரும்.

கங்காணி விடுவாரா? "என்னண்ணே, வெண்ணெ கடையிறீங்களா?"

களமே சிரித்தது. என் முகம் எரிந்தது. நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஆமாங்க கங்காணி, வெண்ணெதான்! தெரண்டதும் உங்களுக்கும் ஒரு உருண்ட அனுப்புறேன், வாயில வச்சிக்கிட்டுப் பேசாம இருங்க!"

இப்போது சிரிப்பு கங்காணியின் பக்கம் திரும்பியது. அவரும் சிரித்தார். நான் அதற்குள் களத்தைத் தாண்டிவிட்டேன். சூலம் வந்தது. வலது கை எழுந்து நெஞ்சுக்குப் போனது, உதட்டுக்குப் போனது. அவசரமில்லாமல் கும்பிட்டேன். கை திரும்பியபோது அதற்கு ஒரு வேலையும் இல்லை.

மேடு தொடங்கியது. காலில் பாரம் ஏறியது. முதல் வளைவு. பின்னால் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டதை முதுகால் உணர்ந்தேன். அத்தனை பேரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். செயின் பல்லில் ஓடும் சீரான சத்தமும் கேனில் பால் தளும்பும் சத்தமும் மட்டும் கேட்டன. வளைவைத் தாண்டினேன்.

கீழே பனிக்குள்ளிருந்து ஒரு குலவை எழுந்தது. அது யாருடையது என்று எனக்குத் தெரியாதா? எங்கள் கல்யாணத்தில் அவளுடைய அத்தைமார் போட்ட குலவையைவிட அது நீளமாக இருந்தது. ஒரு மூச்சு தனியாகவே போனது. பிறகு மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். காலைப் பெரட்டில் யாராவது குலவை போடுவார்களா? எனக்கு வெட்கமாக இருந்தது. மேடு முழுவதும் அந்த வெட்கத்தோடேயே, சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

நான் போனபோது பவுசர் இன்னும் வந்திருக்கவில்லை. கேன்களை இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரத்தில் நின்று அது வருவதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த மேட்டில் செயின் அறுந்ததில்லை. பாஸ் சொன்னதை எல்லாம் செய்கிறேன். மழையில் போய் வந்தால் துடைத்து எண்ணெய் விடுகிறேன். இழுபட்டுவிட்டதா என்று அவரிடம் காட்டுகிறேன், இழுபட்டிருந்தால் பல்லைத் தின்னும் முன்பே மாற்றுகிறேன். இணைப்புக் கண்ணி பையில் இன்னும் இருக்கிறது, தேவைப்படவில்லை. கதையைக் கேட்டுப் பாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். இப்போதெல்லாம் மேட்டுப்பக்கத்திலிருந்து அறுந்த செயினோடு யார் வந்தாலும், வழியில் எங்கே கும்பிடுவாய் என்று அவர் கேட்பதாகச் சொன்னார்கள்.

முதன்முதலாக அப்படி ஏறிய அந்த நாளில், வெறும் கேன்களோடு இறங்கி வந்தபோது பனி விலகியிருந்தது. ரோட்டுக்கு மேலே உள்ள மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எந்த நிரையில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. என்ன சொல்வது, அதுவும் அத்தனை பேர் முன்னால்? மணியை ஒரு தடவை அடித்தேன். அவள் நிமிர்ந்தாள். என் வலது கை, முனிக்குப் போவது போலவே, தானாக எழுந்து நெஞ்சுக்குப் போனது.

"ஏங்க! எறக்கம்!" என்று அங்கிருந்து கத்தினாள். "கைய ஹேண்டில்ல வைங்க!"